தொண்ணூற்றாறு சதவீதம்

காபி இயந்திரத்துக்கு அடியில் கோப்பையை வைத்துவிட்டு நின்றிருந்தபோது கயலின் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"நீ கயலு தானே? சேட்டு கடை கயலு?"

பெருங்குடியில் அந்த அலுவலகத்தின் ஆறாவது மாடியில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பினாள். நீலச் சீருடையும் மஞ்சள் ரப்பர் கையுறையும் போட்ட ஒரு பெண், தரை துடைக்கும் கட்டையை மார்போடு சாய்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் பேசும்போது ஒரு பக்கமாகச் சாயும் அந்தத் தலையைக் கயல் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டிருப்பாள். சொர்ணம்.

"ஆமாக்கா" என்றாள். தன் குரல் சரியாகத்தான் வந்தது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முன்னாடி பக்கத்து பில்டிங்ல இருந்தேன். கான்ட்ராக்டு மாத்திட்டானுங்கோ, நேத்துலேர்ந்து இங்க. பாரேன், உன்ன இங்க பாக்கணும்னு இருந்திருக்கு." சொர்ணம் ஒரு கையுறையை மட்டும் கழற்றி, ஈரமான விரல்களைச் சீருடையில் துடைத்துவிட்டு, கயலின் கன்னத்தைத் தொட்டாள். "எங்களுக்காவ நீ எவ்ளோ பாடுபட்ட. நாலு நாளு அந்தப் பொட்டிய வச்சிக்கினு எழுந்திரிக்காம உக்காந்துக்கினு இருந்தியே. நான் மறக்கல கண்ணு."

கயல் சிரித்தாள். இருக்கைக்குத் திரும்பி வந்து வெகு நேரம் கழித்துத்தான் காபியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அது ஒன்பது வருஷத்துக்கு முன், வெள்ளம் வந்த வருஷம். சிந்தாதிரிப்பேட்டைக்குப் பின்னால் கூவத்தை ஒட்டியிருந்த வீடுகளில் தண்ணீர் புகுந்து வடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கயலுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்து, மாலைக் கல்லூரியில் மேலே படித்துக்கொண்டு, பகலில் சேட்டு என்பவரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள். ஆட்டோ ஓட்டும் டில்லிபாபுவும் அவர் மனைவி சொர்ணமும் சேறு காய்ந்த ஒரு சி.பி.யூ.வைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மகள் கீர்த்தி முந்தைய வருஷம் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். போன் நிறைந்துபோகும்போதெல்லாம் மகளின் வீடியோக்களை டில்லிபாபு அந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிடுவது வழக்கம். கம்ப்யூட்டரில் இருந்தால் பத்திரம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்தப் பிள்ளை ஓடியது, பாடியது, சாப்பிட அடம்பிடித்தது எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

டிஸ்க் நன்றாகவே இருந்தது. பெட்டியின் மற்ற பாகங்கள் எல்லாம் சேறு குடித்துச் செத்திருந்தன. டிஸ்கை மட்டும் கழற்றி, துடைத்து, காயவைத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் அது முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கயல் பட்டியலைத் திறந்து எண்ணினாள். இருநூற்றுப் பதினான்கு வீடியோக்கள். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. முதலில் புது டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிட வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம் என்று நினைத்தாள். அவள் அவ்வளவு ஜாக்கிரதையான பெண்.

அதற்குப் புது டிஸ்கை முழுக்க அழித்து ஃபார்மேட் செய்ய வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து செய்கிற வேலை. கல்லூரியில் அவள் பழகிய மென்பொருள் கருவியில், கட்டளையின் கடைசியில் ஒரு கோடு போட்டு n என்ற எழுத்தைச் சேர்த்தால், 'எதையும் செய்யாதே, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டு' என்று பொருள். எந்த டிஸ்கைத் தொட்டாலும் அவள் முதலில் அந்த n-ஐப் போட்டு ஒத்திகை பார்த்துவிடுவாள். சேட்டு அந்த மாதம்தான் கடைக்கு வேறொரு கருவியைக் கொண்டுவந்திருந்தார். அதையும் யாரோ ஒரு புத்திசாலிதான் எழுதியிருப்பான். அதில் அதே n-க்கு, 'எதையும் கேட்காதே, செய்துவிடு' என்று பொருள். போதாததற்கு, இரண்டு டிஸ்குகளையும் மாட்டி மறுபடி உயிர்ப்பித்தபோது கம்ப்யூட்டர் அவற்றின் பெயர்களை இடம் மாற்றிவிட்டிருந்தது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. திரையில் சதவீதம் ஏற ஆரம்பித்தது. ஒத்திகை இவ்வளவு மெதுவாகவா ஓடும் என்று ஒரு கணம் தோன்றியது. பழைய கம்ப்யூட்டர், அப்படித்தான் இருக்கும் என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது தொண்ணூற்றாறு. மேசையில், ஓடிக்கொண்டிருந்தது எந்த டிஸ்க் என்பதைக் கையால் தொட்டுத்தான் தெரிந்துகொண்டாள். சூடாக இருந்தது கீர்த்தியின் டிஸ்க். பிளக்கைப் பிடுங்கினாள்.

சேட்டு வந்து பார்த்தார். கெட்ட மனிதரில்லை. அவருடைய கடையிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது. "தண்ணில போச்சுன்னு சொல்லிடும்மா. ஊரே தண்ணில போச்சு. இத்த மட்டும் யாரு கேக்கப் போறா" என்றார்.

நாலு நாள் அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டினாள். ஒவ்வொரு நாளும் சொர்ணம் சொம்பில் டீ வாங்கிக்கொண்டு வந்து எதிரே நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஐந்தாம் நாள் இருவருமாக வந்தபோது, தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று கயல் சொன்னாள். டில்லிபாபு தலையை ஆட்டினார். கடைப்படியில் இறங்கியவர் நின்று திரும்பி, "மேல தூக்கி வெச்சிருந்தா பொழச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"பொழச்சிருக்கும்ணா" என்றாள் கயல். சொன்ன பொய்க்குப் பொருத்தமான பதில் அதுதான். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

டிஸ்கில் மிஞ்சிய நாலு சதவீதத்தைத் தன்னிடம் ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தோண்டினாள். பெரும்பாலும் வெற்றிடம். ஏழாவது மாதம் ஒரு துண்டு கிடைத்தது. பதினோரு நொடி. படம் பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. குரல் மட்டும் தெளிவு. "எம்மா, பாத்துக்கினு கீறியா? இங்க பாரு. பாத்துக்கினு தானே கீற?" அவ்வளவுதான். பதிலுக்கு யாரோ மூச்சை இழுத்துப் பேச வாயெடுக்கும் இடத்தில் அறுந்துவிடும். அதற்குள் கூவத்தோரத்து வீடுகளை இடித்து எல்லாரையும் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். விலாசம் தெரியாது என்று கயல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். விசாரித்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும்.

பிறகு எத்தனையோ நடந்தது. பட்டம், வேலை, மயிலாப்பூரில் அம்மாவோடு வாடகை வீடு. மூன்று முறை லேப்டாப் மாற்றினாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பதினோரு நொடியைத்தான் முதலில் மாற்றினாள். போட்டுக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நிற்கும்போது, லிஃப்ட் கதவு மூடும்போது, வெற்றுத் திரையில் கர்சர் விட்டு விட்டு மின்னும்போது அது தானாகவே கேட்டது. ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரையில், கூட்டத்துக்கு நடுவே ஏதோ ஒரு குழந்தை தன் அம்மாவைப் பார்த்து அதே போலக் கத்தியது. கயல் வாய்விட்டு "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிஸ்குகளைப் பிரிக்கவும் அழிக்கவும் ஃபார்மேட் செய்யவுமான கருவிகளை எழுதும் குழுவில் அவள் இருந்ததும் தற்செயல் இல்லை. ஐந்து கருவிகள். வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை. ஒன்றின் எழுத்து இன்னொன்றில் வேறு பொருள் தரும். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், அழிப்பதற்கு முன் டிஸ்கின் பெயரையும் அளவையும் அதற்குள் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்பதையும் காட்டிக் கேட்க வேண்டும், பதிலுக்கு வெறும் 'ஆம்' போதாது, டிஸ்கின் பெயரையே தட்டச்சு செய்யவைக்க வேண்டும் என்று அவள் இரண்டு வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். சின்னவர்கள் அவளுக்கு 'ஆர் யூ ஷ்யூர் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சொர்ணம் தினமும் வந்தாள். கயலின் மேசையை மட்டும் இரண்டு தடவை துடைத்தாள். மற்றவர்களிடம், "எங்க ஏரியா பொண்ணு" என்று பெருமையாகச் சொன்னாள். கயல் அவள் வரும் நேரம் பார்த்து எழுந்து போக ஆரம்பித்தாள். வியாழக்கிழமை அது முடியாமல் போயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சொர்ணம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"அண்ணன் நல்லாருக்காராக்கா?" ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

சொர்ணம் டப்பாவிலிருந்த சோற்றை விரலால் ஓரமாக ஒதுக்கினாள். "கீறாரு. ஆட்டோ ஓட்டிக்கினு கீறாரு. எங்கூட தான் பேசறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பொட்டி போனதுலேர்ந்து." நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அடிக்கல, திட்டல. 'சோறு வை', 'கதவச் சாத்து', அவ்ளோதான். தண்ணி ஏறும்போது அவரு சவாரிக்குப் போயிருந்தாரு. நான் ரேசன் கார்டு எடுத்தேன், சிலிண்டர தோள்ல தூக்கினேன், மாடி வூட்டுக்கு ஓடிட்டேன். பொட்டி கீழ காலாண்ட தான் இருந்துச்சு. ஒரே ஒரு வாட்டி கேட்டாரு. சிலிண்டர தூக்கத் தெரிஞ்ச உனக்கு புள்ளைய தூக்கத் தெரிலியான்னு. அப்பால அதையும் கேக்கல." அவள் கயலைப் பார்த்தாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அவர சொல்லி இன்னா பண்றது. நீயே சொன்னியே, மேல வெச்சிருந்தா பொழச்சிருக்கும்னு."

படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி குளிர்ச்சியாக இருந்ததும், கீழே எங்கோ ஒரு கதவு மூடியதும் மட்டும்தான் கயலுக்கு உறைத்தன. இத்தனை வருஷமும் தான் அழித்தது வீடியோக்களை மட்டும்தான் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். மேலாளர் தமிழ்மாறன் நிதானமானவர். "எல்லா டூல்லயும் ஒரே ஆப்ஷன், அது ஓகே கயல். ஆனா இந்தக் கேள்வி கேக்கறது வேணாம். கஸ்டமரோட தானா ஓடற ஸ்கிரிப்ட் எல்லாம் அங்க வந்து நின்னுடுது. இதனால நெஜமாவே யாருக்காவது நஷ்டம் ஆயிருக்கா? ஒரு கேஸ் சொல்லுங்க."

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். கயல் வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்" என்று ஆரம்பித்துவிட்டது அவள் நாக்கு. "ஒரு ரிப்பேர் கடையில வேலை பார்த்தான்." முழுக்கச் சொன்னாள். n-ஐ, பெயர் மாறியதை, சதவீதத்தை. முடிவில் தமிழ்மாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் கட்டாயம் கேட்க வேண்டும், தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் விலக்கு என்று முடிவாயிற்று. எல்லாக் கருவிகளிலும் n என்றால் இனி ஒத்திகைதான். இரண்டு வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. வெளியே வரும்போது குழுவின் சின்னப் பெண் ஒருத்தி, "பாவம்க்கா, அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டாள். கயல் படிக்கட்டுக்குத் திரும்பினாள். ஆறு மாடியும் நடந்தே இறங்கினாள்.

நான்கு மணிக்கு வேலை முடிந்து போகிற பெண்கள் கேட்டுக்கு வெளியே வேனுக்காக நின்றிருந்தார்கள். கயல் சொர்ணத்தைத் தனியாக மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"அக்கா, அது தண்ணில போகல."

"எது?"

"பொட்டி. டிஸ்க்கு நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் இருந்துச்சு. நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன். வேற டிஸ்க்குன்னு நெனச்சி."

சொர்ணம் தலையைச் சாய்த்தபடியே நின்றாள். "அழிக்கறதுக்கு மின்ன அது கேக்காதா? போனுலகூட கேக்குதே."

"அன்னிக்குக் கேக்கல."

"சரி, அது மெசினு, கேக்கல. நான் தெனம் டீ எடுத்துக்கினு வந்து உன் எதுர்ல நின்னேனே." குரல் உயரவே இல்லை. "நீ ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாக எத்தனையோ பதில்களைக் கயல் தயாரித்து வைத்திருந்தாள். சின்ன வயசு. சேட்டு சொன்னார். பயம். "கொஞ்சம் கெடச்சிதுக்கா. பதினோரு நொடி. மூஞ்சி தெரியாது. குரலு மட்டும்" என்றாள்.

சொர்ணத்தின் கை மேலெழுந்து, எதையும் பிடிக்காமல் கீழே இறங்கியது. வேன் வந்து நின்றது. அவள் போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கயல் அங்கேயே நின்றாள். வேன் கிளம்பும் சமயம் ஜன்னல் கண்ணாடி விலகியது.

"என்னாண்ட சொன்னது போதாது. ஞாயித்துக்கெழம மத்தியானம் அவரு வூட்ல இருப்பாரு. வந்து அவராண்ட சொல்லு."

பெரும்பாக்கத்தில் ஒரே மாதிரியான கட்டடங்கள். எண் தேடி, கேட்டுக் கேட்டு, வேலை செய்யாத லிஃப்டைத் தாண்டி ஏழு மாடி ஏறினாள். டில்லிபாபு பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கீர்த்தியின் படம் என்று ஒன்றும் இல்லை. சொர்ணம் கயலை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. "கயலு வந்துகீது. உங்களாண்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றுவிட்டுச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள்.

நின்றபடியே கயல் சொன்னாள். இந்தத் தடவை பையன் இல்லை. "நான்" என்றே சொன்னாள். டில்லிபாபு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்போ கீழ கெடந்தும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுண்ணா. நான் பாத்தேன். எரநூத்திப் பதினாலு இருந்துச்சு."

"எரநூத்திப் பதினாலு" என்றார். அந்த எண் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது. பிறகு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நரைத்த முன்தலையை, மேடை விளிம்பைப் பிடித்திருந்த கையை, காலை. அவள் முகத்தை அவர் கண்கள் எட்டியபோது சொர்ணம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. அவரால்தான் முடியவில்லை. எழுந்து ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை மாட்டி, பொத்தான்களை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடாமலே வெளியே போய்விட்டார்.

கயல் பையிலிருந்து பழைய போன் ஒன்றை எடுத்தாள். அந்தத் துண்டு மட்டும்தான் அதில் இருந்தது. "போடவாக்கா?"

"வோணாம். அவரு வரட்டும்."

காத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் வந்துவிட்டதென்று தாழ்வாரத்தில் பெண்கள் குடங்களோடு ஓடும் சத்தம் கேட்டது. சொர்ணம் குடத்தை எடுக்கவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். "நீ போ" என்றாள். "அத்த வெச்சிட்டுப் போ." எப்படிப் போடுவதென்று கயல் காட்டிக்கொடுத்தாள். அழுத்தினால் போதும், நடுவில் எதுவும் கேட்காது என்றாள். சொர்ணம் போனை வாங்கி, முகம் துடைப்பதுபோல முந்தானையால் திரையைத் துடைத்து, அலமாரி மேல் தட்டில் வைத்தாள்.

"அவ இன்னா சொல்றா அதுல?" என்று கேட்டாள், கயல் வாசலைத் தாண்டிய பிறகு.

கயல் சொல்லலாமா என்று யோசித்து நின்றாள். சொர்ணம் தானே கையை அசைத்து வேண்டாமென்றாள்.

கீழே கட்டடங்களுக்கு நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற ஆட்டோவில் டில்லிபாபு இருந்தார். ஓட்டுகிற இடத்தில் இல்லை. பின்னால், சவாரி உட்காரும் இருக்கையில், வெறுங்காலோடு. கயல் அருகே போனாள். பேச வேண்டிய எல்லாவற்றையும் மேலேயே பேசியாகிவிட்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை.

"மேல கீறாளா?" என்றார்.

"கீறாங்கண்ணா. உங்களுக்காகத்தான் காத்துக்கினு கீறாங்க."

ஏழாவது மாடியில், தாழ்வாரக் கம்பிக்குப் பின்னால் சொர்ணத்தின் சேலை நிறம் தெரிந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது. அப்போது அடித்த பந்து எகிறி வந்து ஆட்டோவுக்குள் விழுந்து, உருண்டு, சீட்டுக்கு அடியில் போயிற்று. ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, யாரையும் கேட்காமல் தலையை உள்ளே விட்டு, முழங்கை வரைக்கும் கையை நீட்டித் துழாவினாள். டில்லிபாபு இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டார். பந்தை எடுத்துக்கொண்டு அவள் ஓடிவிட்டாள். தண்ணீர் ஏறிய வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல அவர் கால்களை இன்னும் கீழே வைக்கவில்லை.